கிழக்கே மட்டும் போகும் கார்

சதாசிவன் அண்ணன் வாங்கிய காருக்கு ஒரே ஒரு திசைதான் தெரியும். கேரளத்துக் கொல்லயில் ஊரில் வீட்டு முற்றத்திலிருந்து புறப்பட்டால் பாறசாலை வழியாகக் கிழக்கே போகும். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் ஒரு சாயா குடிக்கும். குடிப்பது அண்ணன்தான் என்றாலும், கார் சாயா குடிக்கப் போயிருக்கிறது என்றுதான் நாங்கள் ஊரில் சொல்லிக்கொண்டோம். குடித்துவிட்டுத் திரும்பி வரும். மேற்கே நெய்யாற்றின்கரைப் பக்கம் மட்டும் அதன் மூக்கு திரும்பாது. காரில் பழுது ஒன்றும் கிடையாது. நம்பர் தமிழ்நாட்டு நம்பர், அவ்வளவே.

கார் இருக்கட்டும். அந்தக் காரால் மழையில் நனைந்த ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அண்ணனின் மனைவி பிரேமகுமாரி அக்கா.

அக்காவுக்குப் பொதிச்சோறு விற்பது தொழில். வாட்டிய வாழையிலையில் சோறு, ஒரு பக்கம் மரச்சீனிக் கிழங்கு மசித்தது, தோரன் பொரியல், சம்மந்தித் துவையல், வறுத்த மீன் ஒரு துண்டு. இலையை மடித்து அதன்மேல் பழைய செய்தித்தாளைச் சுற்றி நூல் கட்டினால் பொதி ஆயிற்று. அதைப் பெரிய கூடையில் அடுக்கி பஸ் ஏறி தனுவச்சபுரம் போவாள். அங்கே காலேஜ் வாசலுக்குச் சற்றுத் தள்ளி ஜஸ்டஸ் என்பவரின் போட்டோஸ்டாட் கடை. அதன் ஓரத்தில் கூடையை வைத்துக்கொண்டு நிற்பாள். மத்தியான மணி அடித்தால் பிள்ளைகள் வந்து மொய்த்துவிடும். "சேச்சி, மீன் பெரிசா உள்ளது தாங்க." அக்கா பொதியைக் கையால் தூக்கிப் பார்க்கிற மாதிரி ஒரு நடிப்பு நடித்து, "இதில உள்ளது திமிங்கிலமாக்கும், கொண்டு போ" என்பாள்.

ஜூன் மாதம் மழை பிடித்தால் கூடைக்குக் குடை பிடிப்பாள். அவளுக்குக் குடை இருக்காது. ஒரே குடைதான், சோறு நனையக் கூடாதே.

போட்டோஸ்டாட் கடைக்கு அடுத்து ஜஸ்டஸுக்குச் சொந்தமான அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. அக்காவுக்கு அந்த அறைமேல் கண். நாலு பெஞ்சு போட்டால் பிள்ளைகள் உட்கார்ந்து தின்னும், மழையில் நிற்க வேண்டாம். அதற்கான அட்வான்சுக்காகச் சிட்டி என்கிற சீட்டு ஒன்றில் சேர்ந்திருந்தாள். சிட்டியில் பேர் அண்ணனுடையது, மாதா மாதம் அடைக்கிற பணம் அக்காவுடையது. அந்த ஏற்பாட்டில் அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் சிட்டி அப்படித்தான் ஓடுகிறது. ஜஸ்டஸிடமும் சொல்லி வைத்திருந்தாள். "சிட்டி கைக்கு வந்ததும் வாறேன். அதுவரைக்கும் வேற ஆருக்கும் குடுத்திராதீங்க." ஜூனில் காலேஜ் திறக்கும்வரை பொறுக்கிறேன் என்று ஜஸ்டஸும் சொல்லியிருந்தார்.

இதற்கு நடுவில் உதியன்குளங்கரையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது.

அக்காவின் தங்கை பிரசீதா. அவளுடைய கணவன் சஜி மஸ்கட்டில் வேலை. அக்காவின் அம்மா விஜயம்மா இருப்பது இளைய மகள் வீட்டில், அமரவிளைப் பக்கம். அந்தக் கல்யாணத்துக்கு அண்ணனும் அக்காவும் ஸ்கூட்டரில் போனார்கள். மண்டப வாசலில் வண்டிகளை நிறுத்திக் கொடுக்கிற ஒருவன் விசிலோடு நின்றான். ஸ்கூட்டரைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே, "பொறகில சேட்டா, பொறகில! அடுக்களப் பக்கம்!" என்று கையை வீசினான். அண்ணன் பின்னால் அடுக்களைப் பக்கம் போய் அவியல் பாத்திரங்களுக்கு நடுவில் ஸ்கூட்டரை நிறுத்தினார். அதே நேரம், லீவில் வந்திருந்த சஜியின் வெள்ளைக் கார் வந்தது. அதே ஆள்தான். விசிலை எடுத்துப் பையில் போட்டான். குரல் அப்படியே குழைந்துவிட்டது. "சாரே, வரட்டே... வரட்டே... லேசா இடத்தோட்டு... ஸ்டெடி... மதி சார், மதி, போதும்." முன் சீட்டிலிருந்து விஜயம்மா இறங்கினாள், சரிகைக் கரை போட்ட கசவுமுண்டு கசங்காமல்.

யாரோ கேட்டார்கள். "மூத்த மருமோன் வரல்லியா?"

"அவன் பொறகில உண்டு" என்றாள் விஜயம்மா. அவள் சொன்னது இடத்தை. அண்ணன் காதில் அது அந்தஸ்தாக விழுந்தது.

அன்றைக்கு அண்ணன் பாயசம் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன சார்ணு விளிச்சான், கேட்டியா?"

"கேட்டேன்."

"நான் சேட்டன். அவன் சாரு. அவனுக்கு ஒரு ஃபியூஸ் கெட்டத் தெரியுமா பிள்ளே? இந்த ஏரியாவில எத்தன வீட்டுக்கு நான் வயரிங் செஞ்சிருக்கேன்!"

"நீங்க ஃபியூஸ் கெட்டுங்க, அவன் சார் விளி கேக்கட்டும். நமக்கு இதில என்ன போச்சு?"

"ஒனக்குப் புரியாது."

உண்மையாகவே அக்காவுக்குப் புரியவில்லை. அவள் சாப்பிட்டுவிட்டு மறுநாளைக்கு இலை வாட்டப் போய்விட்டாள். அண்ணனோ அடுத்த நாளிலிருந்து வேலைக்குப் போகிற வீடுகளில் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கார் ஷெட்டைப் பார்க்க ஆரம்பித்தார். "இவன் மரச்சீனி வியாபாரி, இவனுக்கும் காரு. இவனுக்கு வேலையே இல்ல, இவனுக்கும் காரு." வயரிங் செய்கிற ஆளுக்கு இது ஒரு பெரிய கஷ்டம். ஊரில் எல்லோருடைய வீட்டு உள்ளேயும் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் எல்லையோர ஆட்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்தப் பக்கம் போனால் எல்லாமே விலை குறைவு. பெட்ரோல் குறைவு, கோழி குறைவு, கல்யாணத் துணி குறைவு. அப்படியென்றால் காரும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? அண்ணன் மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினார்.

அங்கே ஒரு புரோக்கர். தேனில் ஊறவைத்த குரல். "அண்ணாச்சி, இது லேடி டாக்டர் ஓட்டின வண்டியாக்கும். வீடு, ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி, வீடு. வேற ஒரு எடம் அந்த வண்டிக்குத் தெரியாது. பிரேக்குகூட நோவாம சவுட்டுவாவ, டாக்டரில்லியா."

"நான் கேரளா ஆளு. இது தமிழ்நாட்டு நம்பரில்லியா?"

"அது ஒரு பேப்பர் மாத்தினா தீருது அண்ணாச்சி! கேரளாவில இந்த வண்டிக்க வெல என்னண்ணு ஒண்ணு விசாரிச்சுப் பாருங்க. நிங்க இஞ்ச நின்னு பேசிட்டு இருக்கியதே லாபமாக்கும்."

அந்த மாதம்தான் சிட்டி விழுந்தது. காசோலை அண்ணன் பேருக்கு வந்தது. அதைக் கொண்டுபோய் முன்பணமாகக் கட்டி, மீதிக்கு ஒரு பைனான்சில் கடன் எழுதி, காரை ஓட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தார். அக்கா கையில் மீன் செதிலோடு வெளியே வந்தாள்.

"இது ஆருக்க காரு?"

"நமக்க காரு."

அக்கா காரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சிட்டியா?"

"ரெண்டு மாசம் பிள்ளே. ஒரு பெரிய வீட்டு வேலை வருது, திருப்பி வச்சுருவேன். இனி அம்மய நாம காரில ஏத்திட்டுப் போலாம்."

அழுவாள் என்றுதான் பக்கத்து வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அக்கா அழவில்லை. "இதுக்க உள்ள எனக்க கட இருக்கு. பாத்து சூட்சிச்சு ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு மீன் நறுக்க உள்ளே போய்விட்டாள்.

வந்த ஞாயிற்றுக்கிழமையே மாமியாரைப் பார்க்க அண்ணன் மேற்கே புறப்பட்டார். தேசிய நெடுஞ்சாலையில் வண்டிப் பரிசோதனை. அந்த அதிகாரி கோபப்பட்டிருந்தால்கூட அண்ணனுக்குச் சண்டை போட ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும். அவரோ வெகு மரியாதையான ஆள்.

"சேட்டன்றெ வீடு எவிடயா?"

"கொல்லயில்."

"வண்டி?"

"மார்த்தாண்டம்."

"அப்போ சேட்டன் கேரளா, வண்டி தமிழ்நாடு. ஒருநாளு வந்து போணதுக்குப் பிரச்சனை இல்ல. இஞ்ச வச்சு ஓட்டணுமெங்கி இஞ்சத்த வரி கெட்டணும். ரெண்டு பேரையும் ஒரே ஸ்டேட்டில ஆக்கீட்டு வாங்க, கேட்டோ?"

விசாரித்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. அந்தப் பக்கத்து ஆபீசிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாள் வேண்டும். அதற்குக் கடன் கொடுத்த பைனான்ஸ் ஒரு தாள் தர வேண்டும். அதன்பிறகு இங்கே வரி. விலை குறைவு என்று அண்ணன் மிச்சம் பிடித்தது முழுவதும் அந்த வரிக்குள் போய், மேலும் அண்ணன் கையிலிருந்து கேட்டது. மார்த்தாண்டம் புரோக்கரைக் கூப்பிட்டால் தேன் குரல், "அண்ணாச்சி, நான் வண்டி விக்கிய ஆளு. வரி கெவர்மென்டுக்க காரியமில்லியா" என்றது.

அதிலிருந்து கார் கிழக்கே மட்டும் போனது. களியக்காவிளை சாயாவுக்கு அண்ணன் அடிமையானார். மாமியாரைப் பார்க்க பஸ், வேலைக்கு ஸ்கூட்டர். காலையில் காரைத் துடைத்து, தார்ப்பாயால் மூடுவார். யாராவது கேட்டால், "வெயில் பட்டா பெயின்ட் போவும்" என்பார். மழைக்காலத்திலும் அதே பதில்தான். மாதா மாதம் பைனான்சுக்குத் தவணை மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பெரிய வீட்டு வேலை வரவே இல்லை. வந்த சின்ன வேலைகளின் கூலியெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் போயிற்று.

காலேஜ் திறக்கிற நாள் நெருங்கியது. ஜஸ்டஸ் ஒருநாள் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். மெதுவாகப் பேசுகிற மனிதர், நாலு வார்த்தைக்கு ஒருமுறை போட்டோஸ்டாட் மிஷினைத் தட்டுவார்.

"சேச்சி, ரெண்டு பயக்க வந்திருக்கானுவ. ஷவர்மா கட போடணுமாம். முழு அட்வான்சும் ஒரே அடியா தாறேன்னு நிக்கானுவ. நான் சொன்ன வாக்குக்கு நிக்கியேன். ஆனா திங்களாழ்ச்ச வரைக்குமாக்கும். அதுக்கு மேல என்னால ஒக்காது."

அக்கா வீட்டுக்கு வந்தாள். அண்ணன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இத வில்லுங்க."

துணி அப்படியே நின்றது. "ஞாயிறாழ்ச்ச சஜிக்கப் புது வீட்டுக்குப் பால்காச்சில்லியா?"

"அதுக்கு?"

"ஒரே ஒரு நாளு பிள்ளே. அமரவிளைக்கு இதில போயி எறங்கணும். குடும்பம் மொத்தமும் வரும். எல்லாரும் ஒருக்கா பாக்கட்டும். பின்ன நான் விக்கியேன், சத்தியம்."

"திங்களாழ்ச்ச எனக்கு பைசா வேணும். ஞாயிறாழ்ச்ச பாக்கவச்சுட்டு எப்ப விப்பீங்க?"

"எல்லாரும் பாக்கட்டும் பிரேமே. அது மதி எனக்கு."

அக்கா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பின் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு, "செரி. எல்லாரும் பாக்கட்டும்" என்றாள். அண்ணனுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சம்மதத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்பட்டார்கள். தேசிய நெடுஞ்சாலையைத் தொடாமல், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, சர்ச்சுக்குப் பின்னால், யாரோ ஒருவருடைய மாட்டுத் தொழுவத்தை உரசிக்கொண்டு ஊடுவழியாகவே அமரவிளை போய்ச் சேர்ந்தார்கள். வளைவுக்கு வளைவு அண்ணன் காரை நிறுத்தித் தலையை நீட்டிப் பார்த்தாராம், காக்கிச் சட்டை ஏதாவது நிற்கிறதா என்று. ஒரு பால்காரரைப் பார்த்துக்கூட பயந்துவிட்டார்.

நானும் அந்தப் பால்காச்சுக்குப் போயிருந்தேன். பஸ்ஸில்தான்.

பால் பொங்கி முடிந்ததும் எங்கள் ஊர் வழக்கம் தொடங்கியது. வந்தவர்கள் எல்லோரும் ஒரு கூட்டமாக வீட்டைச் சுற்றிப் பார்ப்பது. ஒவ்வொரு கதவையும் திறப்பார்கள், ஒவ்வொரு குழாயையும் திருகுவார்கள், குளியலறை டைல்ஸைக் கையால் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கினால் பொறாமை, பிதுக்காவிட்டால் வீடு மட்டம். பிரசீதா முன்னால் நடந்தாள்.

"இது மாஸ்டர் பெட்ரூம். இது மழ ஷவரு. இது ஷோ கிச்சன், இதில நாங்க சமைக்க மாட்டோம்."

"பின்ன எங்க சமைப்ப மோளே?" என்று ஒரு அத்தை கேட்டாள்.

"அதுக்குப் பொறகில வர்க் ஏரியா."

"அந்தக் கதவு?"

"அங்க வெறகு அடுப்பு."

முற்றத்தில் கேட்டரிங்காரர்களின் வண்டியிலிருந்து சாம்பார் அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் காதருகில் சொன்னாள். "மூணு அடுக்கள உண்டு. சோறு வண்டியில வருது."

வெளியே அண்ணன், வந்ததுமே சஜியின் காருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த தன் காரில் சாய்ந்து நின்றார். எத்தனையோ நாளாக அவர் காத்திருந்த காட்சி. சஜி வந்தான். அவன் பேசுவது விமான நிலைய அறிவிப்பு மாதிரி. நிதானமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"அண்ணா, வண்டி எடுத்தாச்சு. வெரி குட். ஆட்டோமேட்டிக்கா? இல்ல? ஓகே, மேனுவல். நோ பிராப்ளம். சன்ரூஃப் உண்டா? இல்ல. ஓகே, ஓகே. தமிழ்நாடு ரெஜிஸ்ட்ரேஷனா?" அந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு அவன் 'ஓகே' சொல்லவில்லை. தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அண்ணன் முகம் வாடியது. கார் இல்லாதபோது கார் இல்லை என்ற ஒரே குறைதான் இருந்தது. இப்போது கியர் குறை, கூரை குறை, நம்பரும் குறை.

அப்போதுதான் காருக்குப் பின்னால் சிரிப்பு கேட்டது. நாலைந்து பேர் கூடி நின்று பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் போனில் படம் எடுத்தான். அண்ணன் சுற்றி வந்து பார்த்தார். மஞ்சள் சார்ட் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பெரிய எழுத்தில், தமிழிலும் மலையாளத்திலும், 'விற்பனைக்கு' என்றும், அதற்குக் கீழே 'தமிழ்நாட்டு நம்பர், தமிழ்நாட்டுக்காரர் மட்டும் விளிக்கவும்' என்றும் எழுதி அக்காவின் போன் நம்பரும் போட்டிருந்தது. கார் நின்றதும் எல்லோரும் பால் பொங்குவதைப் பார்க்க உள்ளே ஓடினார்களே, அந்த நேரத்தில் அக்கா ஒட்டியது.

"பிரேமே!" அண்ணன் குரல் கீச்சென்று போய்விட்டது. "கீறு அத!"

"கீறமாட்டேன். எல்லாரும் பாக்கட்டும்ணு நீங்கதான சொன்னீங்க? பாக்கியாவ."

பிரசீதா ஓடிவந்தாள். "சேச்சி, எனக்க வீட்டு பால்காச்சுக்கு வந்து இப்பிடியொரு நாணக்கேடு செய்யணுமா?"

"ஒனக்க வீட்டுக்கு என்ன வந்து? ஒனக்க சொவரிலயா ஒட்டினேன்? எனக்க வண்டியிலயாக்கும் ஒட்டினேன்."

"சஜியேட்டனுக்க ஆளுக எல்லாம் நிக்கினும். அவங்கள்லாம் என்ன நெனப்பினும்?"

"வண்டி வேணுமெங்கி விளிக்கலாம்ணு நெனப்பினும்."

விஜயம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். "எட்டி, மூத்த மோளு நீ. ஆளுக என்னவெல்லாம் சொல்லுவினும்?"

"ஆளுக இப்ப என்ன சொன்னினும்ணு அறியுமா அம்மா? ஒண்ணும் சொல்லல. எத்தன ரூவாண்ணு கேட்டினும்."

ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. அண்ணன் தாளின் ஓரத்தில் நகத்தைப் போட்டார். அக்கா அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள். சத்தம் போடவில்லை. ஆனால் முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"எனக்க சிட்டி இந்த நாலு டயரு மேல நிக்கியது. அத நான் சோறு வித்து, மழையில நின்னு அடச்சேன். ஒரு விசிலடிக்கிய பய ஒங்கள சார்ணு விளிக்கியதுக்கு வேண்டியில்ல. நாளைக்கு எனக்கு அந்த ரூம் போச்செங்கி, நான் இந்த வண்டிய காலேஜ் வாசல்ல கொண்டு நிறுத்தி, அதுக்க உள்ளேருந்து சோறு விப்பேன். அப்பவும் எல்லாரும் பாக்கட்டும். பரிசோதனக்கு வாறவங்களுக்கு ரெண்டு பொதி குடுப்பேன், பைசா வாங்கிட்டாக்கும்."

அண்ணன் கையை எடுத்துவிட்டார். மதில் ஓரத்தில் போய் அடுக்கியிருந்த செங்கல் மேல் உட்கார்ந்தார். யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை. சஜி கேட்டரிங்காரர்களின் வண்டிப் பக்கம் நகர்ந்துவிட்டான்.

அந்தக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். ஆனந்தபாய். களியக்காவிளையில் திரைச்சீலை தைக்கிற கடை வைத்திருப்பவள். அந்தப் புதுவீட்டு ஜன்னல் திரையெல்லாம் அவள் தைத்ததுதான். விருந்துக்கு வந்தபோதும் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. ரெண்டு வார்த்தை பேசுகிற இடத்தில் ஒரு வார்த்தை பேசுவாள்.

"வண்டிக்காரி ஆரு?"

"நான்" என்றாள் அக்கா.

"பொற சீட்டு மடங்குமா? துணி ரோலு கேறணும்."

மடக்கிக் காட்டினார்கள். ஆனந்தபாய் நாடாவைக் கழற்றி காருக்குள் நீளம் அளந்தாள். இஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னாள். அக்காவுக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் தடவினாள். கடைசியில் செங்கல் மேலிருந்து அண்ணன் எழுந்து வந்து திறந்துவிட்டார்.

"ஆரு ஓட்டின வண்டி?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "லேடி டாக்டர்ணு எனக்கிட்ட சொன்னாவ. பொய்யாக்கும். கிளச்சு கொஞ்சம் கட்டி. எடப்பக்கத்துப் பொற டயரு மாத்தணும். வயரிங் மட்டும் நான் முழுசும் பாத்தாச்சு, அதில ஒரு கொறவும் இல்ல."

அக்கா அவரை முறைத்தாள். விற்கிற நேரத்தில் டயரைப் பற்றி யார் பேசச் சொன்னது? ஆனந்தபாய்க்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. டயருக்கான பணத்தைக் கழித்து ஒரு விலை சொன்னாள். அக்கா ஏற்றினாள். ஆனந்தபாய் இறக்கினாள். பந்தியில் இலை போட்டு, பப்படம் பொடித்து, பாயசம் வருகிறவரை பேரம் நடந்தது. எதிரெதிரே உட்கார்ந்து தின்றுகொண்டே பேசினார்கள். பாயசத்தில் முடிந்தது. அன்று மாலையே ஆனந்தபாய் பைனான்சுக்காரனிடம் பேசி, மீதிக் கடனை அடைக்க ஏற்பாடு செய்து, மிச்சத்தை அக்காவின் கணக்குக்கு அனுப்பிவிட்டாள். அவள் தமிழ்நாட்டுக்காரி. காரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓட்டுவாள். ஜன்னலுக்கு அளவெடுக்க இந்தப் பக்கம் வருவாள், அன்றே திரும்பிப் போவாள்.

திங்கட்கிழமை அக்கா தனுவச்சபுரம் போனாள். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் சிட்டியின் பெரிய துண்டு ஒன்று காணாமல் போயிருந்தது. மாதத் தவணைகள் தனி. இருந்ததை எல்லாம் ஜஸ்டஸின் மேஜையில் வைத்தாள்.

"கேட்டதில பாதிக்கு மேல இருக்கும். மீதி ஓணத்துக்குள்ள. இல்லெங்கி ரூம திருப்பி எடுத்துக்குங்க, நான் ஒரு வார்த்த சொல்லமாட்டேன்."

ஜஸ்டஸ் மிஷினைத் தட்டினார். "ஷவர்மாக்காரனுவ முழுசும் தாறானுவ சேச்சி."

"தருவானுவ. அந்தக் கம்பியில கோழிய தொங்கவிட்டு நாள் முழுக்க சுட்டு, அந்த எண்ணப் பொகையெல்லாம் எங்க போவும்? ஒரு சொவருதான் நடுவில. ஒங்க மிஷினுக்க உள்ள ஏறினா பேப்பர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாதா? எனக்க சோறு வீட்டில வெந்து, பொதியா வருது. பொகயும் கெடையாது, எண்ணயும் கெடையாது."

ஜஸ்டஸ் மிஷினைப் பார்த்தார். மிஷின் புதியது, அதற்கும் தவணை ஓடுகிறது. சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "ஓணம்ணா ஓணம். அதுக்கு அப்பறம் அடுத்த ஓணத்துக்கு அத்தம் சித்திரண்ணு நட்சத்திரம் எண்ணிட்டு வரப்பிடாது."

"வரமாட்டேன்."

ஷவர்மாக்காரர்கள் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கடை பிடித்தார்கள். கண்ணாடிக் கதவு, ஓடுகிற விளக்கு, வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பலூன் வளைவு. அக்காவின் அறையில் நாலு பழைய பெஞ்சு, ஒரு தண்ணீர்ப் பானை. காலேஜ் திறக்கிற அன்று மழை கொட்டியது. பிரசீதா போனில் கூப்பிட்டு, யாராவது பெரிய ஆளை வைத்துத் திறந்தால் என்ன, ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு வைத்தால் என்ன என்று கேட்டாளாம். அந்தப் பால்காச்சுக்குப் பிறகு அவள் பேசியது அன்றுதான். அக்கா சொன்னாள், "வேண்டாம் மோளே. நீ வந்து ஒரு பொதி தின்னுட்டுப் போ. பைசா குடுக்கணும், கேட்டியா?"

ஸ்கூட்டரில் வந்த அண்ணன் ஏணி மேல் நின்று வயரிங் முடித்துக்கொண்டிருந்தார். கை வேலை செய்தாலும் கண் மட்டும் ரோட்டைத் தாண்டிப் போனது. போய் அங்கேயே நின்றது.

"பிரேமே, அவனுவளுக்க போர்டு பாத்தியா? லைட்டு எப்பிடி ஓடுதுண்ணு பாரு! நமக்கும் அதுபோல ஒண்ணு நான் சும்மா செஞ்சு..."

"எங்க பாக்கியீங்க? கம்பிய பாருங்க." அக்கா கூடையிலிருந்து பொதிகளை எடுத்து அடுக்கிக்கொண்டே பேசினாள், தலையைத் தூக்கவில்லை. "அங்க பாத்துட்டே கீழ விழுந்தீங்கன்னா தூக்க எனக்கு நேரமில்ல. ஒரே ஒரு ட்யூபு எரிஞ்சா மதி. பிள்ளேளுக்கு மீன் முள்ளு தெரியணும், அவ்வளவுதான்."

அண்ணன் திரும்பிக் கம்பியைப் பார்த்தார். ட்யூப் லைட் ரெண்டு முறை சிமிட்டிவிட்டு எரிந்தது.

நனைந்த பிள்ளைகள் ஒரே கூச்சலாக உள்ளே நுழைந்தார்கள். முதலில் வந்த ஒரு பெண் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து, தலையைத் துவட்டிக்கொண்டு சுவரெல்லாம் தேடினாள்.

"சேச்சி, கடைக்குப் பேரு ஒண்ணும் இல்லியா? எதிரில உள்ளவங்க எத்தன பெரிசா எழுதி வச்சிருக்காவ!"

"நீ பேரு திங்கவா வந்த? சோறு உண்டு. வேணுமா, வேண்டாமா?"

"வேணும்."

"அப்ப கைய கழுவு."